ஓலையைக் கழிக்கும் நொதி

உயிர்வேதியியல் ஆய்வகங்களில் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியைத் திறந்தால், பெயர் எழுதி அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்று கண்ணில் படலாம். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வெள்ளைப் பொடிதான் அதன் முழுச் சரக்கு. காண்ட்ராய்ட்டினேஸ் ஏபிசி என்பது அதன் பெயர். புரோட்டியஸ் வல்காரிஸ் என்ற பாக்டீரியா உருவாக்கும் நொதி அது. மண்ணிலும் சாக்கடையிலும் அழுகும் இறைச்சியிலும் விலங்குகளின் குடலிலும் வாழும் இந்தப் பாக்டீரியாவை மருத்துவர்கள் சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் சந்திப்பதுண்டு. மதிப்புக்குரிய எதையும் யாரும் இதனிடம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இதன் நொதி, தண்டுவடம் நசுங்கிய எலிகளின் நடையைச் சீராக்கியது. வளர்ந்த எலியின் மூளைக்குக் குட்டிப் பருவத்தின் இளக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஜப்பானில் இன்று முதுகு வட்டு பிதுங்கியவர்களுக்கு மருந்தாகவும் போடப்படுகிறது.

இது எதை வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டுச் சர்க்கரை என்றதும் நமக்கு அரிசியின் மாவுச்சத்தோ பருத்தியின் செல்லுலோஸோ நினைவுக்கு வரும். இரண்டுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரை திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலிகள். விலங்குகளின் திசுக்களில், செல்களுக்கு வெளியே இருக்கும் இடைவெளிகளில், இவற்றைவிடச் சிக்கலான சங்கிலிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட். குளுக்கியூரானிக் அமிலமும் என்-அசிட்டைல் கேலக்டோஸமைனும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி இது. இரண்டாவது சர்க்கரையின் 4-ஆம் இடத்தில் சல்ஃபேட் ஏறியிருந்தால் அதை ஏ வகை என்பார்கள். 6-ஆம் இடத்தில் என்றால் சி வகை. குளுக்கியூரானிக் அமிலம் தன் வடிவத்தைத் திருப்பிக்கொண்டு இடூரானிக் அமிலமாக மாறியிருந்தால் அது பி வகை. டெர்மட்டான் சல்ஃபேட் என்ற பெயரில் தோலில் நிறைய இருப்பது இந்த பி வகைதான். மூன்றையும் வெட்டக்கூடியது என்பதால்தான் நொதியின் பெயரில் ஏபிசி சேர்ந்தது.

புரதத்துக்கு மரபணு என்ற அச்சு உண்டு. எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வர வேண்டும் என்பது டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நீட்டுகின்றன, இங்கொரு சல்ஃபேட் அங்கொரு சல்ஃபேட் என்று ஏற்றுகின்றன. ஒரே செல் கட்டும் இரண்டு சங்கிலிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. டி.என்.ஏ.வைப் போல் இவற்றை வரிசையாகப் படித்துவிடவும் முடியாது. சங்கிலியில் என்ன இருந்தது என்று அறிய நெடுங்காலம் இருந்த நம்பகமான வழி, அதைத் துண்டுகளாக்கித் துண்டுகளை எண்ணுவதுதான்.

சங்கிலிகள் தனியாகவும் திரிவதில்லை. ஒரு தென்னங்கீற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் மட்டை, அதிலிருந்து இரு பக்கமும் வரிசையாக ஓலைகள். காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் நம் உடலில் இருக்கும் அமைப்பு ஏறக்குறைய அதுதான். மட்டையின் இடத்தில் ஒரு புரதம், அதிலிருந்து கிளம்பும் ஓலைகளாகச் சர்க்கரைச் சங்கிலிகள். இந்தக் கூட்டமைப்புக்குப் புரோட்டியோகிளைக்கான் என்று பெயர். குருத்தெலும்பில் நிறைந்திருக்கும் அக்ரிகன் என்ற வகையில் ஒரு மட்டைக்கு நூறு சங்கிலிகள் அளவுக்கு இருக்கும். சல்ஃபேட்டுகளும் அமிலத் தொகுதிகளும் சேர்ந்து ஒவ்வோர் ஓலையிலும் எதிர்மின்னேற்றத்தை நிரப்புவதால், அது சோடியத்தையும் அதோடு தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. மாடிப்படி இறங்கும்போது முழங்காலில் விழும் எடையைத் தாங்குவது பெரும்பாலும் இப்படிப் பிடித்து வைத்த தண்ணீர்தான். காண்ட்ராய்ட்டினேஸ் ஓலைகளைக் கழித்துவிடும். மட்டையைத் தொடாது, ஓலை முளைத்த இடங்களில் சிறு முளைகளையும் விட்டுவைக்கும். இந்தக் கதை முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

வெட்டும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் உடலில் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகள் பிணைப்புக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் செருகித்தான் அதைப் பிளக்கின்றன. காண்ட்ராய்ட்டினேஸுக்குத் தண்ணீர் தேவையில்லை. அமிலச் சர்க்கரையின் 5-ஆம் கார்பனிலிருந்து ஒரு புரோட்டானைப் பறிக்கும். உடனே 4-ஆம் கார்பனைப் பற்றியிருந்த பிணைப்பு அறுந்துவிடும். அந்த இரண்டு கார்பன்களுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்சும். இப்படி வெட்டும் நொதிகள் லையேஸ் என்ற வகுப்பைச் சேர்ந்தவை. அந்த இரட்டைப் பிணைப்பு ஆய்வாளருக்குக் கிடைத்த பரிசு. அது 232 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளியை உறிஞ்சும். சங்கிலியும் நொதியும் கலந்த கரைசலை ஒளிமானியில் வைத்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் உறிஞ்சல் ஏறுவதை நேரடியாகப் பார்க்கலாம். நொதியின் அலகும் இதிலிருந்தே வந்தது: 37 டிகிரியில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் இரட்டைச் சர்க்கரையை விடுவித்தால் அது ஓர் அலகு.

இந்த நொதியை முதன்முதலில் தூய்மையாகப் பிரித்து அதன் இயல்புகளை விரிவாக எழுதியது ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு. யாமகாதா, சைட்டோ, ஹபூச்சி, சுசுக்கி ஆகிய நால்வரின் கட்டுரை 1968-இல் வெளிவந்தது. புரோட்டியஸுக்குக் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டையே தீனியாகக் கொடுத்து வளர்த்தார்கள். தீனி கிடைத்ததும் அதைச் செரிக்கும் நொதியைப் பாக்டீரியா ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. செத்த விலங்கின் குருத்தெலும்பைச் சாப்பாடாக்கிக்கொள்ளப் பரிணாமம் அதற்குக் கொடுத்திருந்த திறமை இது. நகோயாக் குழுவின் நோக்கம் பகுப்பாய்வு மட்டுமே. நொதி கொடுக்கும் இரட்டைச் சர்க்கரைத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் 4-ஆம் இடத்தில் எவ்வளவு சல்ஃபேட், 6-ஆம் இடத்தில் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நரம்பைப் பற்றி அந்தக் கட்டுரையில் யாரும் யோசிக்கவில்லை. பிறகு செய்ககாக்கு என்ற ஜப்பானிய நிறுவனம் இதைக் குப்பியில் அடைத்து விற்கத் தொடங்க, உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாங்குபவர்கள் இன்றும் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள்: புரதத்தை வெட்டும் நொதி எதுவும் அதில் துளியும் கலந்திருக்கக் கூடாது. கலந்திருந்தால் ஓலையோடு மட்டையும் சிதைந்துவிடும். பிறகு கிடைக்கும் விளைவுக்குக் காரணம் சர்க்கரையா புரதமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கருவியின் மதிப்பு அது செய்வதில் பாதிதான். மீதிப் பாதி அது செய்யாமல் விடுவதில் இருக்கிறது.

*

கையில் ஆழமாக வெட்டுப்பட்டு விரல் மரத்துப்போனவர்களுக்குத் தெரியும், நரம்பைத் தைத்துவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல உணர்வு திரும்பும். அங்கே நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மறுபடி வளர்கின்றன. தண்டுவடத்தில் அறுந்தால் அப்படி வளர்வதில்லை. விபத்தில் கழுத்தெலும்பு நொறுங்கிய இளைஞர் ஆயுள் முழுதும் சக்கர நாற்காலியில் இருப்பது இதனால்தான். ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ காஹால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கூர்ந்து ஆராய்ந்து, வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதைகள் மாற்றமின்றி இறுகிப்போனவை என்ற கசப்பான முடிவுக்கு வந்தார். ஆனால் அவருடைய மாணவர் டெல்லோ 1911-லேயே வேறொன்றைக் கண்டிருந்தார். முயலின் மூளைக்குள் கால் நரம்பின் ஒரு துண்டைப் பதித்தபோது, மூளையின் இழைகள் அந்தத் துண்டுக்குள் வளர்ந்து போயிருந்தன.

அந்த அவதானிப்பு 70 ஆண்டுகள் தூங்கியது. 1981-இல் மாண்ட்ரியாலில் டேவிடும் அக்வாயோவும் எலியின் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே, உடலின் ஓரத்து நரம்பு ஒன்றைப் பாலமாகப் பொருத்தினார்கள். மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் அந்தப் பாலத்துக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலத்தின் மறுமுனையைத் தாண்டித் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. அப்படியானால் வளரும் திறன் செல்லிடம் இருக்கிறது, சுற்றியிருக்கும் மண்தான் தடுக்கிறது. அந்த மண்ணில் என்ன இருக்கிறது?

கிளீவ்லாந்தில் ஜெர்ரி சில்வரின் குழு காயத்தழும்பைத் தேடிப் போனது. மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டதும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் பெருத்துப் பின்னி, காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. 1991-இல் மெக்கியனும் சில்வரும் அவர்கள் குழுவினரும் அத்தகைய தழும்பில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் புரோட்டியோகிளைக்கான்கள் குவிந்திருப்பதையும், அங்கே நரம்பிழைகள் குறைவாகவே வளர்வதையும் காட்டினார்கள். 1997-இல் ஸ்டீஃபன் டேவிஸ் செய்த பரிசோதனை இன்னும் தெளிவானது. வளர்ந்த எலியின் உணர்வு நரம்பு செல்களை மிக நுட்பமாக, திசுவைக் குலைக்காமல், மூளையின் வெண்பகுதிக்குள் வைத்தார். இழைகள் தயங்காமல் நெடுந்தூரம் ஓடின. இந்தப் புரோட்டியோகிளைக்கான்கள் மண்டிய இடத்தில் மட்டும் நின்றுபோயின.

சந்தேகம் ஓலைகளின் மேல் விழுந்தது. ஓலையை மட்டும் கழிக்கும் கருவியோ 1968 முதல் உறைபெட்டியில் தயாராக இருந்தது.

2002 ஏப்ரலில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எலிசபெத் பிராட்பரி, ஸ்டீஃபன் மக்மஹன், கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் ஃபாசெட் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பக்கக் கற்றைகளை நசுக்கி, நொதியைத் தண்டுவட உறைக்குள் செலுத்தினார்கள். ஓலை கழிந்ததற்குச் சாட்சி, மட்டையில் மிஞ்சிய முளைகள். அவற்றை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தால் சாயமேற்றினால், நொதி எவ்வளவு தூரம் பரவியது என்பது நுண்ணோக்கியில் தெரியும். நொதி பெற்ற எலிகளில் அறுந்த இழைகள் கொஞ்சம் வளர்ந்திருந்தன. மூளைப் பக்கம் மின்தூண்டல் கொடுத்தால் காயத்துக்குக் கீழே எதிர்வினை கிடைத்தது. ஒடுங்கிய பலகையிலும் கம்பி வலையிலும் நடக்கும் திறன் கணிசமாகத் திரும்பியது. இந்தச் செய்தியைப் படித்து உலகெங்கும் எத்தனையோ குடும்பங்கள் நம்பிக்கை கொண்டன. அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். அதனாலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது ஒரு பகுதி மட்டும் நசுங்கிய எலித் தண்டுவடம். முழுக்க அறுந்த மனிதத் தண்டுவடம் இதிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரைதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. இத்தாலியின் பீசா நகரில் பிட்சோருஸோவும் மாஃபேயும் செய்தது. ஃபாசெட் இதிலும் உண்டு. இங்கே காயம் எதுவும் இல்லை. மூளையில் சில நரம்பு செல்களைச் சுற்றி ஒரு வலை இறுகியிருக்கும் என்பதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கோல்ஜி கண்டிருந்தார். அந்த வலையின் முக்கியச் சரக்கும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் சுமந்த புரோட்டியோகிளைக்கான்கள்தான், குருத்தெலும்பில் பார்த்த அக்ரிகன் உட்பட. குட்டிப் பருவத்தில் வலை இருக்காது. பார்வைப் புறணியின் இளக்கமான காலம் முடியும் தறுவாயில்தான் அது முழுமையாகக் கட்டி முடிகிறது. அந்தக் காலத்துக்குள் ஒரு கண்ணை மூடி வைத்தால் மூளை திறந்த கண்ணின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது ஹூபெல், வீசல் இருவரின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. வளர்ந்த பிறகு மூடினால் ஒன்றும் ஆகாது.

பீசாவில் வளர்ந்த எலிகளின் பார்வைப் புறணியில் நொதியைச் செலுத்தி வலையின் ஓலைகளைக் கழித்தார்கள். ஒப்பீட்டுக்காக வேறு சில எலிகளுக்குப் பெனிசிலினேஸைச் செலுத்தினார்கள். அதுவும் பாக்டீரியா நொதிதான், ஆனால் மூளையில் வெட்ட அதற்கு எதுவும் இல்லை. பிறகு ஒரு கண்ணை மூடினார்கள். பெனிசிலினேஸ் பெற்ற மூளைகள் அசையவில்லை. காண்ட்ராய்ட்டினேஸ் பெற்றவை, குட்டி எலிகளைப் போல, திறந்த கண்ணின் பக்கம் சாய்ந்தன. 2006-இல் அதே குழு ஒரு படி மேலே போனது. குட்டியிலேயே ஒரு கண் மூடப்பட்டுப் பார்வை மங்கிய எலிகளுக்கு, வளர்ந்த பின் நொதி கொடுத்து நல்ல கண்ணை மூடியபோது, மங்கிய கண்ணின் கூர்மை மீண்டது. குழந்தைகளின் சோம்பல் கண்ணைச் சிறு வயதிலேயே சரிசெய்ய வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவது எதனால் என்பதும் இதிலிருந்து புரிகிறது.

பயத்தின் நினைவிலும் இதே வலை தலையிடுகிறது. பேசல் நகரின் ஆய்வாளர்கள் 2009-இல் வளர்ந்த சுண்டெலிகளின் அமிக்டலாவில் வலையைக் கலைத்தார்கள். அதன்பின் கற்ற பயத்தை, அச்சமில்லாத அனுபவத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அழிக்க முடிந்தது; சாதாரணமாக மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளில் மட்டுமே அப்படி நடக்கும். ஆனால் பயத்தைக் கற்ற பிறகு நொதியைக் கொடுத்தால் பலன் இல்லை. பழைய கொடிய நினைவுகளை ஊசியால் அழிக்கலாம் என்று இதிலிருந்து எழுதுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நோபல் பெற்ற ரோஜர் சியென் 2013-இல், மிக நீண்டகால நினைவுகள் இந்த வலையில் இருக்கும் துளைகளின் அமைப்பிலேயே சேமிக்கப்பட்டிருக்கலாம் என்ற துணிச்சலான கருத்தை முன்வைத்தார். சரியோ தவறோ, சோதித்துப் பார்க்கத் தகுந்த கருத்து.

*

இந்த ஆய்வுகளில் எதை முதலில் படிக்கலாம் என்று ஓர் இளம் பிசியோதெரபி மாணவர் கேட்டால், கார்சியா-ஆலியாஸ் குழு 2009-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்ட கட்டுரையைத்தான் கையில் கொடுப்பேன். தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்கு நொதியைக் கொடுத்து, ஒரு குழுவுக்கு முன்னங்காலால் இரையை எடுக்கும் பயிற்சி தந்தார்கள். இன்னொரு குழுவை விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த பெரிய கூண்டில் ஓடியாட விட்டார்கள். கையால் எடுக்கப் பயின்றவை, எடுப்பதில் நன்றாகத் தேறின. ஓடியாடியவை நடையில் தேறின. ஆனால் கையால் எடுப்பதில், எந்தப் பயிற்சியும் பெறாத எலிகளைவிட மோசமாயின. நொதி கொடுத்த இளக்கத்தை எந்த வேலை முதலில் பிடித்துக்கொள்கிறதோ அதற்கே இணைப்புகள் போய்ச் சேர்கின்றன, மற்றது தோற்கிறது.

இந்த முடிவை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நரம்பை வளர்ப்பது இந்த நொதியின் வேலை இல்லை. வளர்வதற்கும் கிளைப்பதற்கும் இருந்த தடையை அது கொஞ்ச காலம் விலக்குகிறது. எந்தக் கிளை நிலைக்கும் என்பதை அந்த வாரங்களில் உடல் செய்யும் வேலை தீர்மானிக்கிறது. ஊசி போட்டுவிட்டு நோயாளியைப் படுக்கையில் விட்டால் என்ன ஆகும், தவறான அசைவுகளைப் பழக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விகள் மருந்தியலைச் சேர்ந்தவையாகத் தோன்றாது. ஆனால் மருந்தின் பலனே அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

காலம் கடந்தவர்களுக்கும் வழி இருக்கலாம் என்று காட்டியது 2018-இல் வந்த மூச்சுப் பரிசோதனை. கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடத்தின் ஒரு பாதியை வெட்டினால் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழக்கும். வாரனும் அலிலைனும் சில்வரும் அப்படிப்பட்ட எலிகளுக்கு ஒன்றரை ஆண்டு கழித்து நொதியைக் கொடுத்தார்கள். எலியின் ஆயுளில் அது பெரும்பகுதி. செயலற்றுக் கிடந்த பாதி மீண்டும் மூச்சோடு சேர்ந்து அசைந்தது. வெட்டப்படாத பக்கத்திலிருந்து வந்து, அத்தனை காலமும் ஊமையாக இருந்த இணைப்புகள் ஓலைகளைக் கழித்ததும் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். கழுத்து அடிபட்டு வெண்டிலேட்டரை நம்பி வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் முதல் தடை வெப்பம். 37 டிகிரியில், அதாவது உடலின் வழக்கமான சூட்டில், சில நாட்களிலேயே இந்த நொதி செயலிழக்கிறது. திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தண்டுவடத்துக்குத் தொற்றும் காயமும் வரலாம். ஜார்ஜியா டெக்கில் ரவி பெல்லம்கொண்டாவின் குழு டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து நொதியை வாரக்கணக்கில் நிலைக்க வைத்தது. ஈஸ்ட் முதலிய சில உயிர்கள் வறட்சியைத் தாக்குப்பிடிக்க நம்பியிருக்கும் சர்க்கரை அது. நொதியை நுண்குழல்களில் அடைத்துக் கூழில் பதித்து மெல்லக் கசிய விட்டார்கள். இந்த முறையை அயோவாவில் 60 வளர்ப்பு நாய்களிடம் சோதித்தார்கள். இவை பரிசோதனைக்காகக் காயப்படுத்தியவை அல்ல; நடக்க முடியாமல் வீட்டில் நெடுநாள் கிடந்தவை. நொதி பெற்ற நாய்களில் முன்கால், பின்கால் ஒத்திசைவு சராசரியாக மேம்பட்டது. அதிசயக் குணம் என்று சொல்ல முடியாது, ஆனால் கூண்டுக்கு வெளியே, இயற்கையாக நேர்ந்த பழைய காயத்திலும் பலன் தெரிந்தது. 2019-இல் ரீசஸ் குரங்குகளில், காயத்துக்குக் கீழே கையை இயக்கும் பகுதியில் நொதியைச் செலுத்தியபோது, பொருட்களைப் பிடித்துக் கையாளும் திறன் மேம்பட்டது.

எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2016-இல் மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு, ஆஸ்ட்ரோசைட் தழும்பு இழை வளர்ச்சிக்கு உதவவே செய்கிறது, அதை நீக்கினால் வளர்ச்சி கூடவில்லை என்று நேச்சரில் எழுதியது. தழும்பு, வீக்கம் பரவாமல் காயத்தை அடைத்துக் காக்கிறது என்பது முன்பே தெரிந்ததுதான். என் கணிப்பில் இரண்டுக்கும் முரண் குறைவு. தழும்பு முழுவதையும் அழிப்பது ஒரு வேலை. அதன் புரோட்டியோகிளைக்கான்களில் ஓலையை மட்டும் கழிப்பது வேறு வேலை. அந்த வேறுபாட்டைப் பார்க்க முடிவதே இந்த நொதியின் குறுகிய குணத்தால்தான்.

மனிதரிடம் இது மருந்தாக முதலில் அனுமதி பெற்றது எதிர்பாராத இடத்தில். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டின் நடுக்கூழ், அக்ரிகனும் அது பிடித்த தண்ணீருமாக இருக்கும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் மின்னலாய் வலி இறங்கும். பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபாப்பைன் என்ற நொதியை வட்டுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 1982-இல் அனுமதி கொடுத்தது. அது மட்டையை, அதாவது புரதத்தையே வெட்டுவது. கடும் ஒவ்வாமையும் அருகிலிருந்த நரம்புத் திசுவுக்குச் சேதமும் சிலருக்கு நேர்ந்தன. 2003-இல் விற்பனை நின்றது. காண்டோலியேஸ் என்ற பெயரில் காண்ட்ராய்ட்டினேஸ் ஏபிசிக்கு ஜப்பான் 2018-இல் அனுமதி கொடுத்தது. 1.25 அலகு, ஒரே ஊசி. ஓலை கழிந்த கூழ் தண்ணீரை இழந்து சுருங்க, நரம்பின் மேல் அழுத்தம் தணிகிறது. இங்கே நொதி சீக்கிரம் செயலிழப்பது குறையே அல்ல, பாதுகாப்பு.

தண்டுவடத்துக்கு இரண்டு பாதைகளில் வேலை நடக்கிறது. 2009-இல் இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை நரம்பிழையின் மேல் உணரும் ஏற்பி ஒன்று தெரியவந்தது. பிடிபி சிக்மா என்பது அதன் பெயர். ஓலையைத் தொடாமல் அந்த ஏற்பியின் செயலை மாற்றும் சிறு புரதத் துண்டு ஒன்று மனிதச் சோதனைகளுக்கு வந்துவிட்டது. தோலுக்கடியில் ஊசி போட்டாலே போதும். இன்னொரு பாதை, நொதியின் மரபணுவையே தண்டுவடத்துக்குள் அனுப்புவது. பாக்டீரியாவின் மரபணுவை அப்படியே பாலூட்டியின் செல்லில் வைத்தால், அந்தச் செல் தன் வழக்கப்படி நொதியின் மேல் சர்க்கரைகளை ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. ஒட்டும் இடங்களை மாற்றி எழுதிய பிறகுதான் அது வேலை செய்தது. நெடுங்காலம் ஓலையே இல்லாமல் நரம்பு மண்டலத்தை விடுவதும் சரியல்ல என்பதால், பிராட்பரியின் குழு டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கால் இயங்கும் மரபணுச் சுவிட்சை அதோடு இணைத்தது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் வரை நொதி உருவாகும், நிறுத்தினால் நிற்கும். 2018-இல் வந்த அவர்களின் முடிவில், இரண்டரை வாரம் இயக்கிய எலிகள் ஏணிப்படியில் நன்றாக நடந்தன. 8 வாரம் இயக்கியவை சர்க்கரை உருண்டையைக் கையால் எட்டி எடுக்கும் நுண்ணிய திறனையும் மீட்டன. சுவிட்சை நிறுத்திய பிறகும் கொஞ்சம் கசிவு மிஞ்சுகிறது. மனிதரிடம் கொண்டுபோவதற்கு முன் முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கசிவைத்தான்.